அரும்புக்கு இரண்டு பற்று

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில், மூன்று தலைமுறை கண்ட ஒரு நகைக்கடையின் புதிய மாளிகைத் திறப்பு விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அய்யா அவர்களே, குத்துவிளக்கேற்றிய மாநகராட்சி உறுப்பினர் அம்மா அவர்களே, காலைப் பூசைக்கு வந்து இன்னும் எழுந்து போகாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் அய்யா அவர்களே, ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்திருக்கும் தோட்டத்துப் பெரியவர்களே, பனங்காட்டிலும் சிவதாபுரத்திலும் பட்டறையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் என் சொந்தங்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் அய்யாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு மழைக்காலத்தில் எங்கள் பட்டறைத் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் முதலில் வந்தவர் அவர்தான். உறுப்பினர் அம்மா அன்று ராத்திரியே மோட்டார் கொண்டுவந்து இறைக்க வைத்தார். இருவருக்கும் இந்த மேடையில் நன்றி சொல்லும் வாய்ப்பு இன்றைக்குத்தான் எனக்குக் கிடைத்தது.

வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன செவ்வாய்ப்பேட்டையில் நின்றுகொண்டு வெள்ளியைப் பற்றிப் பேசுகிறேன். 'கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா' என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஒரு குடும்பத்து நகைத்தொழில் எப்படி உயர்கிறது என்பதைக் கல், பொன், கடை, கை என்ற நான்கு தலைப்பில் பேசுவதாக நம் தம்பியிடம், இந்தக் கடையின் பேரப்பிள்ளையிடம், ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கல். மேலே இரண்டாவது மாடியில் வைரமும் மரகதமும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன, பார்த்தேன், கண் கூசுகிறது. ஆனால் கல் நமக்குப் புதிதல்ல. நாமக்கல் நம்மோடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் மாணிக்க இனத்தைச் சேர்ந்த சித்தம்பூண்டிக் குருந்தக்கல் நம் மாவட்டத்துக் கல். காங்கேயம் பக்கத்துப் படியூரில் கடல்நீர் நிறத்துப் பச்சைக்கல் எடுத்தார்கள். நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று பாடும் ஊர் அதுதான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கல்லை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றி மணியாக்கியிருக்கிறார்கள். தோண்டியபோது அரைகுறையாய் விட்ட மணிகள்கூடக் கிடைத்தன. எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஆள் பெயர்கள் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறியிருக்கின்றன. ஒரு சாதாரண மண்பானையில் தன் பெயரைக் கீறிவைத்த மனிதர்கள் நம் ஆட்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

பொன்னைப் பற்றிச் சுருக்கமாக. 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்து, புது நகை 14 காரட்டுக்கு மேல் கூடாது என்றார்கள். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பொற்கொல்லர்கள் தொழிலை இழந்தார்கள். 1968இல் தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமாகி, 1990இல்தான் நீங்கியது. அந்தக் காலத்தைத் தாண்டி வந்த எந்த நகைக்கடைக்கும் நான் எழுந்து நின்று கும்பிடு போடுவேன்.

இப்போது ஒரு சம்பவம். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறையில் இந்தக் கடையின் பெரியவரிடம், அதாவது தம்பியின் தாத்தாவிடம், கம்பி இழுக்கப் போவேன். அப்போது இது கடை இல்லை. பனங்காட்டில் ஓட்டு வீடு, திண்ணையில் ஒரு குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், பற்றவைக்க வெண்காரக் கிண்ணம், மூலையில் வெள்ளி கழுவப் பூந்திக்கொட்டை ஊறும் சட்டி. சாயங்காலம் பட்டறையைக் கூட்டிய தூசியைக்கூட வெளியே கொட்ட மாட்டார்கள், அதிலும் வெள்ளி இருக்கிறதே, பானையில் சேர்த்து வைப்பார்கள்.

ஆடி மாதம். நம் சேலத்துக் குகைப் பகுதியில், அலங்கார வண்டிகள் வரும் வண்டி வேடிக்கைக்கு ஊரே கிளம்பிக்கொண்டிருக்கிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் ஒரு அம்மா, முந்தானையில் ஒற்றைக் கொலுசை முடிந்துகொண்டு வந்து நின்றார். "சாமி, செடிக்குள்ள ஒண்ணு விழுந்து போச்சு. இது எங்கம்மா எனக்கு வாங்கிப் போட்டது. இதுக்கு ஜோடி வேணும்" என்றார். ஏழெட்டுக் கடையில் கேட்டுவிட்டாராம். எல்லோரும் பழசைப் போட்டுவிட்டுப் புதுசாக வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

பெரியவர் கொலுசை வாங்கினார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. வெளிச்சத்தில் பிடித்து உள்பக்கத்தைத் திருப்பினார். அரும்பு தெரியுமில்லையா, சலங்கைக்கு மேலே வரிசையாக வருமே, அதை அடியில் ஒரு பற்று, அதாவது உருக்கி ஒட்டும் ஒரு பொட்டு, வைத்துச் சேர்ப்பது வழக்கம். இந்தக் கொலுசில் ஒவ்வொரு அரும்புக்கும் அடியில் கடுகளவில் இரண்டு பற்று. பெரியவர் பேசவில்லை. கொலுசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இது என் தங்கச்சி கை" என்றார்.

அந்தத் தங்கையை நாங்கள் எல்லோரும் அத்தை என்போம். வீட்டுக்குள் உட்கார்ந்து பற்றவைப்பு வேலை செய்தவர். அப்போது அவர் இறந்து நாலு வருடம். "நடக்கிற கால், ஒரு பற்று விட்டாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும்" என்பாராம். அதற்குத் தனிக் கூலி கிடையாது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் தொழிலில், இரண்டாவது பற்று அத்தை தன் நேரத்திலிருந்து கொடுத்தது.

பெரியவர் மூன்று ராத்திரி உட்கார்ந்தார். அவர் கைக்கு இரண்டு பற்று நிற்கவில்லை, உருகி ஒன்றாக ஓடிவிட்டது. நான்தான் பக்கத்தில் விளக்குப் பிடித்தேன். கடைசியில் அத்தையின் மகள், பதினைந்து வயசுப் பெண், "மாமா, ஊதுகுழலைச் சாய்ச்சுப் பிடிக்கணும், அம்மா அப்படித்தான் பிடிப்பாங்க" என்று வாங்கி ஊதினாள். நின்றது! அந்த அம்மா இரண்டையும் போட்டுக்கொண்டு திண்ணைக்கும் வாசலுக்கும் நாலு முறை நடந்து பார்த்தார். சத்தம் ஒத்திருந்தது. பெரியவர் வெள்ளிக்கு மட்டும் காசு வாங்கினார், கூலி வாங்கவில்லை. அடுத்த ஆடிக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு பஸ் நிறையப் பெண்கள் பனங்காட்டைத் தேடி வந்தார்கள். இந்த மாளிகைக்கு அஸ்திவாரம் அன்றைக்கே போட்டாகிவிட்டது.

வெளிநாட்டிலும் இதே கதை உண்டு. கிரேக்கத்து எபிரஸ் பகுதியிலிருந்து சோதிரியோ புல்காரி என்ற வெள்ளி வேலைக்காரர் ரோம் நகரத்துக்குப் போனார். அங்கே ஆளுக்கொரு பட்டறை வைத்திருந்த காலம், கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவர்தான். 1884இல் கடை போட்டார், 1905இல் கொந்தோத்தி வீதிக்கு வந்தார், பிள்ளைகள் வைரத்துக்கும் வண்ணக் கல்லுக்கும் வளர்த்தார்கள். 2011இல் அதை ஒரு பிரெஞ்சு நிறுவனம் வாங்கிக்கொண்டது. என்னைத் தொட்டது அவர் மகன் கான்ஸ்டன்டினோ. அவர் இத்தாலியில் பொன், வெள்ளி வேலை செய்த கொல்லர்களின் பெயர்களையும் முத்திரைகளையும் ஊர் ஊராகத் தேடித் தொகுத்தார். 1958 முதல் அவை புத்தகங்களாக வந்தன. பணம் வந்த பிறகு ஒரு கடைக்காரர் செய்த காரியத்தைப் பாருங்கள்!

கடையைப் பற்றி, அதாவது முதலீடு, வங்கி, விளம்பரம் பற்றி, குறிப்பு எழுதி வந்திருந்தேன். இன்னொரு நாள் பேசலாம். கைக்கு வருகிறேன்.

தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயம். 2023 ஏப்ரலிலிருந்து ஆறு எழுத்து எண்ணும் கட்டாயம். வெள்ளிக்கு 2025 செப்டம்பரிலிருந்து அந்த எண் விருப்பத்தின் பேரில் வந்திருக்கிறது. நல்லது, வரவேற்கிறேன். அந்த எண்ணைச் செல்போன் செயலியில் தட்டினால் தரம் தெரியும், சோதித்த இடம் தெரியும், கடை தெரியும். செய்த கை தெரியாது. இன்று இயந்திரத்தில் வார்த்த கொலுசு நம் கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறது. வாங்குகிற பெண்ணுக்கு இரண்டையும் பிரித்துக் காட்ட நம்மிடம் ஓர் அடையாளம் இல்லை. பெரியவருக்கு இரண்டு பற்று படிக்கத் தெரிந்தது. எல்லோருக்கும் தெரியுமா?

அதனால்தான் ஊர் ஊராகப் போய் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையால் செய்த ஒவ்வொரு சேலத்துக் கொலுசிலும், கொக்கிப் பக்கத்தில், பட்டறைக்கு ஒரு சின்ன முத்திரை வேண்டும். வீட்டில் இருந்து பற்றவைக்கும் பெண்களுக்கும் அந்த முத்திரையில் பங்கு வேண்டும். தலைவர் அய்யா சங்கத்தில் தீர்மானம் போட வேண்டும். உறுப்பினர் அம்மா மேலே கொண்டுபோக வேண்டும். தம்பி, உன்னிடம் உரிமையோடு கேட்கிறேன், முதல் முத்திரை இந்தக் கடையில் விழட்டும். அழைப்பிதழில் தாத்தா, அப்பா, நீ, மூவர் பெயரும் அழகாக அச்சாகியிருக்கின்றன. அத்தை பெயர் இல்லை. உன்மேல் வருத்தமில்லை, எனக்கே அவர் பெயர் போன வாரம்தான் தெரியும். அத்தையின் மகளைத் தேடிப் போய்க் கேட்டேன்.

வாசலில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். கொலுசு வேலை செய்த, செய்கிற பெண்களின் பெயர், தெரு, என்ன வேலை என்று எழுத மூன்று கட்டம். முதல் வரியில் அத்தை பெயரை எழுதிவிட்டேன். வேலை என்ற கட்டத்தில் 'பற்றவைப்பு, அரும்புக்கு இரண்டு' என்று இருக்கும். சாப்பிடப் போகும் முன் உங்கள் அம்மா பெயரை, அக்கா பெயரை எழுதிவிட்டுப் போங்கள். பேனா இரண்டு இருக்கிறது.

நன்றி. வணக்கம்.