நொறுங்கிக் கிடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

(திரையில்: கருகிப்போன ஒரு காரின் படம்)

2023 ஆகஸ்ட்டில் கலிபோர்னியாவின் மான்டரேயில் நடந்த ஏலத்தில் இந்த ஃபெராரி 18.75 லட்சம் டாலருக்குப் போனது. 1954ஆம் ஆண்டின் 500 மோண்டியல். கார் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன், படத்தில் இருப்பது 1960களில் மோதி எரிந்து, கசங்கிப்போன தகரம்தான். இதைப் பார்த்துவிட்டு, எங்கேயோ கொட்டகையில் கிடக்கும் கார் ஒன்று கண்ணில் பட்டதும் நமக்கும் கை பரபரக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். அங்கே காசு கொடுத்தது தகரத்துக்கு இல்லை, அந்தச் சேசிஸ் எண்ணுக்கும் அதன் பந்தய வரலாற்றுக்கும். நமக்குக் கிடைக்கும் வண்டி பெரும்பாலும் அப்படி இருக்காது. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள், 1962இலிருந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதில் ஒன்று அடிபட்டுக் கிடந்தால், அதற்குப் போட்டி இன்னொரு நல்ல எம்ஜிபிதான்.

சரி, வண்டியைப் பார்க்கப் போகிறோம். முதலில் எல்லோரும் பானெட்டைத் திறப்பார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். இன்ஜின் இறுகிப்போயிருக்கிறதா, இருக்கட்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, கிராங்கை (இன்ஜினின் சுழல்தண்டு) கையால் மெதுவாக அசைத்துப் பார்க்கலாம் (ஸ்டார்ட்டரைப் போட்டு உலுக்கவே கூடாது). அசையவில்லை என்றாலும் இன்ஜின் என்பது இறக்கி, மேசையில் வைத்துப் பிரிக்கக்கூடிய பொருள், செலவை ஓரளவு முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். பாடி அப்படி இல்லை.

(திரையில்: காருக்கு அடியில் டார்ச் வெளிச்சம்)

துருதான் உண்மையான வில்லன். வெளியே விரல்நுனி அளவுக்குப் பெயிண்ட் கொப்பளித்திருக்கும். சுரண்டினால் உள்ளங்கை அளவு ஓட்டை, அதை வெட்டப் போனால் அதற்குப் பின்னால் இருக்கும் தகடும் போயிருக்கும்; கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அந்தக் காலத்துத் திறந்த கார்கள் பலவற்றில் கூரை கிடையாது, தனி சேசிஸும் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அந்தப் பெட்டிப்பகுதிதான் வண்டியின் முதுகெலும்பு மாதிரி. எம்ஜிபியும் அந்த வகைதான். அது அரித்துப்போனால் வண்டி நடுவில் தொய்யும். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஜாக்கி போதும். வண்டி தரையில் நிற்கும்போது கதவைத் திறந்து மூடி இடைவெளியைப் பாருங்கள், அப்புறம் ஒரு பக்கமாகத் தூக்கிவிட்டு மறுபடி பாருங்கள். இடைவெளி மாறினாலோ கதவு இறுகினாலோ அந்த இடம் செத்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய வெறும் வெல்டிங் தெரிந்தால் போதாது. கதவு வரும் இடத்தில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து முட்டுக்கொடுக்காமல் வெட்டினால், வளைந்த பாடியை அப்படியே நிரந்தரமாக வெல்டிங் செய்துவிடுவோம். புதுப் பெயிண்ட் அடித்த வண்டி என்றால் ஒரு காந்தமும் எடுத்துப் போங்கள், இரும்பு பாடியில் அது ஒட்டாத இடத்தில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) கனமாகப் பூசியிருக்கிறார்கள்.

ஃபைபர் பாடிதானே, துருப்பிடிக்காதே என்று சிலர் நினைப்பார்கள். பாடி பிடிக்காது, உண்மைதான். ஆனால் 1960களின் கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரில் அந்த ஃபைபருக்கு உள்ளே ஒரு இரும்புக் கூடு இருக்கிறது, முன்கண்ணாடியைச் சுற்றி அது அரித்திருந்தால் வெளியிலிருந்து சட்டென்று தெரியாது. லோட்டஸ் எலானிலும் பாடிக்கு அடியில் இருப்பது இரும்புச் சட்டம்தான், ஆனால் அதற்குப் புதிய சட்டமே செய்து விற்கிறார்கள், பாடியைத் தூக்கி மாற்றிவிடலாம். ஆக ஒரே துரு, ஒரு காரில் மரண ஓலை, இன்னொன்றில் வெறும் உதிரிபாகச் செலவு.

விபத்தும் அப்படித்தான். ஜாகுவார் ஈ-டைப்பில் இன்ஜினைத் தாங்கும் முன்பக்கக் குழாய்ச் சட்டம் போல்ட் போட்டு இணைத்தது. முன்னால் மோதியிருந்தால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் சேதம் அந்தச் சட்டத்தோடு நின்றிருந்தால் கழற்றி மாற்றலாம். பின்னால் இருக்கும் பாடியே கோணியிருந்தால் வேறு கதை. அடியில் இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும் புள்ளிகளைப் பிடித்து, குறுக்கே எக்ஸ் மாதிரி டேப் வைத்து அளந்துபாருங்கள், இரண்டு அளவும் ஒத்துப்போக வேண்டும்.

உப்புத் தண்ணீரில் மூழ்கிய கார் என்றால் நான் பேச்சையே வளர்க்க மாட்டேன்.

அப்புறம் இல்லாத பொருள்கள். "எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கு சார்" என்ற வார்த்தையை நம்பி, பிரித்துப்போட்ட ஒரு வண்டியை நானே வாங்கினேன். பெட்டி இருந்தது. உள்ளே வேறு ஏதோ காரின் கதவுக் கைப்பிடியும் இருந்தது. பிஸ்டனும் பேரிங்கும் தேடினால் கிடைத்துவிடும், ஆனால் பின்விளக்கின் கண்ணாடி, குரோம் பட்டை, வளைந்த முன்கண்ணாடி, டாஷ்போர்டு மீட்டர் இதெல்லாம் அரிதான மாடலுக்கு வருஷக்கணக்கில் தேடவைக்கும். அதனால் துண்டு துண்டாக இருப்பதைவிட, கசங்கியிருந்தாலும் முழுசாக இருப்பதையே நான் எடுப்பேன்.

(திரையில்: ஒரு தாள், ஒரு பேனா)

இப்போது கணக்கு. வாங்கும் விலை, பாடி வேலை, பெயிண்ட், இன்ஜின், வயரிங், உள்அலங்காரம், குரோம் எல்லாவற்றையும் எழுதி, திறந்த பிறகு கிளம்பப்போகும் பூதத்துக்கும் தாராளமாக ஒரு பங்கு ஒதுக்கிக் கூட்டுங்கள். பக்கத்தில் அதே மாடலில் ஓடும் நிலையில் உள்ள நல்ல வண்டியின் விலையை எழுதுங்கள். பல நேரம் நல்ல வண்டிதான் மலிவாக இருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இல்லை, எனக்கு அந்த வேலையே சந்தோஷம், கையில் இடமும் நேரமும் இருக்கிறது என்றால், அந்த வித்தியாசம் உங்கள் பொழுதுபோக்கின் செலவு, அதில் தப்பே இல்லை. திரும்ப விற்று லாபம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆவணத்தோடு பொருந்துகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்கும்போது விற்பவர் "எதுக்கு சார் அதெல்லாம்" என்று இழுத்தால், டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.