ரோஸி ஃபிஞ்ச் கூட்டம் இறங்கியாச்சு! குழாய் ஃபீடர் மட்டும் வாங்காதீங்க

வணக்கம் மக்களே! கொலராடோவுல பனிப்புயல் அடிச்சு ஓய்ஞ்சிருக்கு, மலை உச்சியிலருந்து ப்ரௌன் கேப்ட் ரோஸி ஃபிஞ்ச்ங்கிற சின்னப் பறவைங்க கூட்டமா ஊருக்குள்ள இறங்கிடுச்சு. அதோ, கூரை ஓரத்துல பாருங்க! சாக்லேட் நிற உடம்பு, வயித்துலயும் இறக்கையிலயும் ரோஸ். என்னா அழகு!

இந்த நேரம் பார்த்து ஒரு கடையில 'மலைப் பறவைக்குன்னே செஞ்சது'ன்னு ஒரு குழாய் ஃபீடரை, அதான் பறவைக்கு விதை போட்டு வைக்கிற குழாயை, 60 டாலருக்கு விக்கிறாங்க. அறுபது டாலருங்க! பாத்ததும் பத்திக்கிட்டு வருது. இதுங்க தரையில பொறுக்கித் தின்ற பறவை. கோடையில மரமே வளராத உயரத்துல, பனி உருகுற ஓரமா விதையும், குளிர்ல விறைச்சுக் கிடக்கிற பூச்சியும் பொறுக்கும். அம்பது பறவை ஒண்ணா வந்து இறங்கும், குழாய்ல உக்கார ஆறே ஆறு குச்சி. மீதி எங்க போகும்? போதாததுக்கு, பனித்தண்ணி ஓட்டை வழியா உள்ள போய் விதை ஊறி அடைச்சுக்கும்.

தட்டு ஃபீடர் போதும். ரெண்டடிக்கு ஒன்றரை அடி மரச்சட்டம். அடியில அரை இன்ச் கம்பி வலை, அதுமேல ஜன்னலுக்குப் போடுற அலுமினிய கொசு வலை. கம்பி வலை மட்டும் போட்டா விதை கீழ கொட்டிடும், கொசு வலை மட்டும் போட்டா தொங்கிடும். அதனால ரெண்டுமே வேணும். பலகை அடிச்சு மூடிடாதீங்க, தண்ணி தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். தோல் உரிச்ச சூரியகாந்தி விதையை மெல்லிசா, அன்னிக்குத் தீர்ற அளவு மட்டும் தூவுங்க.

ஆங், சட்டம்னு சொன்னேன்ல, அதைக் கழுவுறதைச் சொல்லாம விட்டுட்டேன். ஃபிஞ்ச் கூட்டத்துல சால்மொனெல்லாங்கிற நோய்க்கிருமி சட்டுனு பரவும். ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணியில பத்து நிமிஷம் ஊற வெச்சு, நல்லா அலசி, முழுசா காஞ்சப்புறம்தான் விதை. நோயாளிப் பறவை உப்பிப்போய் உக்காந்திருந்தா உடனே தட்டை எடுத்துருங்க.

கூட்டத்தை நல்லா உத்துப் பாருங்க, க்ரே க்ரௌன்ட் ரோஸி ஃபிஞ்ச், ப்ளாக் ரோஸி ஃபிஞ்ச்னு இன்னும் ரெண்டு வகையும் கலந்து வரும். ரெண்டுக்கும் பின்தலையில சாம்பல் பளிச்சுனு தெரியும். உடம்பு கருகருன்னு இருந்தா அது ப்ளாக். அலகு நிறத்தை நம்பாதீங்க. மூணுக்குமே குளிர்காலத்துல மஞ்சள், குஞ்சு பொரிக்கிற காலத்துல கறுப்பு.