வோட்டை எப்போ எண்ணுறாங்க?

[திரையில்: 17 ஏப்ரல் 2022]

பீன்ஸ்டாக்னு ஒரு கிரிப்டோ திட்டம். எத்தீரியம்ங்கிற பிளாக்செயின் மேல ஓடுன ஸ்டேபிள்காயின், அதாவது விலை 1 டாலரை ஒட்டியே இருக்கணும்னு வடிவமைச்ச நாணயம். அதுல பணம் போட்டு வச்சவங்களுக்கெல்லாம் வோட்டு உண்டு. எதை மாத்தணும்னாலும் அவங்க வோட்டுப் போட்டுத்தான் மாத்தணும்.

அன்னிக்கு ஒருத்தர் ஆவேங்கிற கடன் தளத்துல 35 கோடி டாய், 50 கோடி யுஎஸ்டிசி, 15 கோடி யுஎஸ்டிடி கடன் வாங்குறார். மூணுமே ஒண்ணு சுமார் 1 டாலர் மதிப்புள்ள நாணயங்கள். மொத்தம் 100 கோடி டாலர், அடமானமே இல்லாம. இதுக்குப் பேர் ஃபிளாஷ் லோன். வாங்குறது, திருப்பிக் கட்டுறது ரெண்டும் ஒரே பரிவர்த்தனைக்குள்ள முடியணும். கட்டலைன்னா கடனே நடக்காத மாதிரி ஆயிடும்.

பீன்ஸ்டாக்ல அந்த நிமிஷம் யார்கிட்ட எவ்வளவு இருக்கோ, அதுதான் வோட்டு. அதனால அந்தப் பணத்தை உள்ள இறக்குனதும் மூணுல ரெண்டு பங்குக்கு மேல வோட்டு அவர் கையில. திட்டத்தோட பணத்தைத் தனக்கே மாத்துற தீர்மானத்தை முந்தின நாளே போட்டு வச்சிருந்தார். கூடவே உக்ரைனுக்கு 2,50,000 டாலர் நன்கொடைன்னு ஒண்ணு. 24 மணி நேரம் கழிஞ்சிருந்து, மூணுல ரெண்டு பங்கு வோட்டும் இருந்தா, அவசரத் தீர்மானத்தை உடனே நிறைவேத்தலாம்னு விதி. நிறைவேத்தினார், கடனைக் கட்டினார். திட்டத்துக்கு சுமார் 18 கோடி டாலர் நஷ்டம்.

யாரோட பாஸ்வேர்டும் திருடு போகலை. எழுதி வச்ச விதி, எழுதினபடியே வேலை செஞ்சுது. அதனாலதான் ஒரு டோக்கன்ல பணம் போடுறதுக்கு முன்னாடி, விலைச் சார்ட்டை விட வோட்டு விதியைத்தான் நான் முதல்ல தேடுறேன்.

[திரையில்: காம்பவுண்ட் தீர்மானப் பக்கம்]

காம்பவுண்டுங்கிற கிரிப்டோ கடன் தளத்தைப் பாருங்க. அதோட வோட்டு டோக்கன் பேர் காம்ப். வோட்டெடுப்பு தொடங்குற பிளாக்ல, அதாவது பரிவர்த்தனைகள் பதிவாகுற அந்தத் தொகுப்புல, யார் கணக்குல எவ்வளவு இருந்துச்சோ, அதுதான் வோட்டு. அதுக்கப்புறம் கடன் வாங்கிக் குவிச்சாலும் செல்லாது. தீர்மானம் ஜெயிச்சாலும் உடனே நடக்காது. டைம்லாக்ங்கிற காத்திருப்புப் பூட்டுல 2 நாள் இருக்கணும்.

அந்த 2 நாளோட அருமை 2024 ஜூலைல தெரிஞ்சுது. 4,99,000 காம்ப் டோக்கனை ஒரு குழுவோட திட்டத்துக்குக் கொடுக்கிற 289-ஆம் தீர்மானம் 6,82,191-க்கு 6,33,636-னு ஜெயிச்சிருச்சு. இதுல ஃபிளாஷ் லோன் எதுவும் இல்லை. மொத்தம் 1 கோடி டோக்கன் இருக்கிற இடத்துல வித்தியாசம் வெறும் 48,555. டைம்லாக் ஓடிட்டிருந்தப்போ பேச்சு வார்த்தை நடந்து, தீர்மானம் ரத்தாச்சு.

அன்னிக்கு வோட்டே போடாம எத்தனை வாலட் சும்மா இருந்துச்சுன்னு யோசிச்சா எனக்கு மனசு ஆறலை. இங்கதான் நிறைய பேர் ஒரு விஷயத்தைத் தவற விடுறாங்க: காம்பவுண்டிலும், யூனிஸ்வாப்ங்கிற கிரிப்டோ பரிமாற்றத் தளத்திலும் டோக்கன் வாலட்ல இருந்தா மட்டும் வோட்டு வராது, டெலிகேட் பண்ணணும், அதாவது வோட்டு யார் கையில இருக்கணும்னு பதிவு பண்ணணும். உங்க முகவரிக்கே பண்ணிக்கலாம், நம்பிக்கையான ஒருத்தருக்கும் பண்ணலாம். டோக்கன் உங்ககிட்டயேதான் இருக்கும், வோட்டு மட்டும் போகும். ஆனா வோட்டெடுப்பு தொடங்குறதுக்கு முன்னாடியே பண்ணியிருக்கணும்.

தீர்மானத்தைத் திறந்தா தலைப்போட நிறுத்தாதீங்க. கீழ, நிறைவேறினா ஓடப்போற கட்டளைகள் இருக்கும். எந்த முகவரிக்கு எவ்வளவு போகுதுன்னு அங்க பாருங்க.