மேக்கினா தீவுல பெட்டி எப்படிப் போகுது

வணக்கம்ங்க. அஞ்சு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க, மேக்கினா தீவுன்னு நான் வாயத் திறந்தா அம்பது நிமிஷம் ஆகும்னு வீட்ல கிண்டல் பண்ணுவாங்க, பாப்போம்.

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம், ஹியூரான் ஏரிக்குள்ள ஒரு குட்டித் தீவு. எழுதுறப்ப கடைசில ஒரு 'க்' இருக்கும், சொல்றப்ப வராது. வருஷம் முழுக்க அங்கேயே இருக்கிறவங்க 500 சொச்சம் பேர், கோடையில குதிரைங்களும் ஏறக்குறைய அத்தனை. ஏன்னா அங்க கார் கிடையாது. 1898-லயே ஊர்ச் சபை தடை போட்டுடுச்சு, காரைப் பாத்து குதிரை மிரளுதுன்னு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி மாதிரி ஒண்ணு ரெண்டுதான் விதிவிலக்கு.

எல்லாரும் ஃபட்ஜ்னு ஒரு இனிப்பு வாங்கத்தான் போவாங்க, நம்ம பால்கோவாவுல சாக்லெட் கலந்த மாதிரி இருக்கும். அப்புறம் 1887-ல கட்டின கிராண்ட் ஹோட்டல், அதோட நீள தாழ்வாரத்துல ஒரு போட்டோ. நல்லாதான் இருக்கும், ஆனா எனக்கு அது பெருசில்ல. எனக்கு எப்பவும் ஒரே கேள்விதான், ஒரு ஊருக்கு சாமான் எப்படி வந்து சேருது?

எங்கம்மாவ கூட்டிட்டுப் போனப்ப நடந்தத சொல்றேன். படகு விட்டு இறங்குறோம், ஒரு பையன் வந்து பெட்டியெல்லாம் வாங்கி சைக்கிள் கூடையில ஒண்ணு மேல ஒண்ணா, அவன் மூஞ்சியே தெரியாத அளவுக்கு அடுக்கி, ஏறி மிதிச்சுட்டுப் போயிட்டான். அம்மா கத்துறாங்க, "டேய், என் பெட்டிய தூக்கிட்டுப் போறான்டா, உள்ள நார்த்தங்கா ஊறுகா இருக்குடா!" ஓட்டல்காரங்க வச்சிருக்கிற ஆளும்மா, லக்கேஜ் இப்படித்தான் போகும்னு நான் சொல்லச் சொல்ல கேக்கல, பாதி தூரம் அவன் பின்னாடியே ஓட்டமும் நடையுமா போனாங்க. ரூமுக்குப் போனா பெட்டி எங்களுக்கு முன்னாடி வந்து நிக்குது, பாட்டில்ல ஒரு கீறல் இல்ல.

காலையில சீக்கிரம் எந்திரிச்சு துறைக்குப் போங்க, அதான் நான் சொல்றது. பால், பீர், கட்டில் மெத்தை, சிமெண்ட், கூரியர் பார்சல், எல்லாம் படகுல வந்து ரெட்டைக் குதிரை பூட்டின பார வண்டியில ஏறும். குப்பை அள்றதும் குதிரை வண்டிதான். குதிரை தின்ற வைக்கோலும் படகுலதாங்க வரணும்! அப்ப லத்தி? அத கூட்டி அள்றதுக்குன்னே ஆள் இருக்கு, அள்ளி எருவாக்கிடுவாங்க. வாடை வராதான்னு கேப்பீங்க, வரும், மதியத்துக்கு மேல நல்லாவே வரும், ஃபட்ஜ் வாசனையோட கலந்து.

தீவைச் சுத்தி எட்டு மைல் சொச்சத்துக்கு ரோடு, மாநில நெடுஞ்சாலைன்னு நம்பரே உண்டு, எம்-185, ஆனா போறது சைக்கிளும் குதிரையும் ஆளுங்களும்தான். அம்மாவ வச்சு ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள்ல... சரி, அது வேண்டாம், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆச்சுன்னு கை காட்டுறாங்க.

குளிர்காலத்தப் பத்திதான் நிறைய சொல்லணும்னு வந்தேன். சுருக்கமா சொல்லிடுறேன். முக்காவாசி குதிரைங்கள படகேத்தி அக்கரைக்கு அனுப்பிடுவாங்க, கடைங்க மூடிரும், கார் ஓடாத ஊர்ல பனி மேல ஓடுற மோட்டார் வண்டிக்கு மட்டும் அனுமதி உண்டு. நல்லா குளிர் அடிச்சு ஏரி உறைஞ்சுட்டா அக்கரையில இருக்கிற செயிண்ட் இக்னஸ் ஊர் வரைக்கும் பனி மேலயே பாதை, அதுக்கு அடையாளமா பண்டிகை முடிஞ்ச கிறிஸ்துமஸ் மரங்கள வரிசையா நட்டு வைப்பாங்க, அந்த மர வரிசைய விட்டு விலகாமதான்... முடிச்சுட்டேன், முடிச்சுட்டேன். வணக்கம்ங்க.