தயங்குவது குற்றமா, நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, வணக்கம். குழந்தைக்கு மொழி கற்றுத்தரும் ரோபோவைக் கண்டு பெற்றோர் தயங்குவது நியாயமா, வீண் பயமா? நியாயமே என்று பேச வந்திருக்கிறேன்.

‘நூறு முறை கேட்டாலும் ரோபோ சலிக்காமல் பதில் சொல்லும், நமக்குப் பத்தாவது முறையே கோபம் வந்துவிடுகிறது’ என்றார் எதிரணி நண்பர். உண்மைதான், நானும் கத்தியிருக்கிறேன். ஆனால், ரோபோ சலிக்காவிட்டாலும் குழந்தை சலித்துவிடுகிறதே! ஜப்பானில் ஒரு தொடக்கப்பள்ளியில் ரோபோவி என்ற ரோபோவை ஆங்கிலம் பேசவிட்டார்கள். முதல் வாரம் பிள்ளைகள் மொய்த்தார்கள். இரண்டாம் வாரம் கூட்டம் கரைந்துவிட்டது. 2004-இல் வெளிவந்த ஆய்வு இது. விடாமல் போய்ப் பேசிய பிள்ளைகள் ஏதோ கற்றார்கள், மறுக்கவில்லை.

‘திரை வேறு, ரோபோ வேறு, ரோபோவுக்குக் கையும் தலையும் உண்டு’ என்றும் சொன்னார். இங்கே சற்று நிற்கிறேன். நெதர்லாந்தில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் 194 பேரிடம் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. சிலருக்கு டேப்லெட்டோடு நாவோ என்ற ரோபோவும் சேர்ந்து ஆங்கிலச் சொற்களைக் கற்பித்தது. சிலருக்கு வெறும் டேப்லெட். இரு சாராரும் கற்றார்கள். ரோபோவோடு இருந்தவர்கள் கூடுதலாகக் கற்கவில்லை. கையசைத்து அபிநயம் பிடித்துப் பார்த்தது, அதற்கும் பலனில்லை. வேடிக்கை என்னவென்றால், சிறுபிள்ளைகளின் பேச்சைக் கருவியால் சரியாகப் பிடிக்க முடியாது என்பதால், விடைகளைப் பெரும்பாலும் திரையில் தொட்டே சொல்லவைத்தார்கள். மொழி சொல்லித்தர வந்த வாத்தியாருக்கு மாணவன் பேச்சு விளங்கவில்லை!

வீட்டிலோ, பாதிச் சொல்லை மென்று விழுங்கி ஒரு பிள்ளை எதையோ கேட்கிறது. நேற்று அது எதற்கு அடம்பிடித்தது என்று தெரிந்த தாய்க்கும் தந்தைக்கும் அந்தப் பாதியே போதும். மீதியை அவர்கள் எடுத்துக்கொடுக்கிறார்கள்.

சரி, நாளைக்கு ரோபோவின் காது கூர்மையாகிவிடும் என்பீர்கள். கவலையே அங்கேதான் தொடங்குகிறது. கேய்லா என்ற பேசும் பொம்மையை, ஒட்டுக்கேட்கும் மறைமுகக் கருவி என்று 2017-இல் ஜெர்மனி தடை செய்தது. விற்பனையோடு விடவில்லை, வாங்கி வைத்திருக்கும் பெற்றோர் அதை அழித்துவிட வேண்டும் என்றது. இதற்குப் பிறகும் நண்பர் நம்மைப் ‘பழம்பஞ்சாங்கம்’ என்கிறார்!

குழந்தை வீட்டுக்குள் உளறுவதெல்லாம் எந்தக் கணினிக்குப் போகிறது, அதை யார், எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அடுத்து வரும் எதிரணியினர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். என் நேரத்தில் மிச்சமிருப்பதையும் அவர்களுக்கே தருகிறேன்.