கொடிக்கு எட்டிய கை

வணக்கம் நேயர்களே. நான் ஒரு இயன்முறை மருத்துவர். பிசியோதெரபிஸ்ட் என்றால்தான் எங்கள் பக்கத்தில் சட்டென்று புரியும். புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஊருக்குத் திரும்பியவர்களிடம் போனில் பேசி, வீட்டிலேயே உடற்பயிற்சி செய்ய வைக்கிறேன். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பென்னாகரம் பக்கம் ஒரு அக்கா. இடது மார்பையும், அக்குளில் நெறிகட்டும் இடத்தில் இருக்கும் சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொன்னது, "அந்தக் கையை அசைக்காதே." அவரும் மூன்று மாதம் முந்தானைக்குள் கையை மடக்கியே வைத்திருந்தார். வீடியோ காலில் நான் பார்த்தபோது கை தோள் உயரத்துக்குக்கூட எழவில்லை. தலை வாரிவிட மருமகள் வரவேண்டும். அக்கறையோடு சொன்ன சொல்தான், ஆனால் தோள் அதனால்தான் இறுகிப்போனது.

சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னேன். விரல்களை எறும்பு ஊர்கிற மாதிரி மெல்ல மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் மருமகள் கரித்துண்டால் ஒரு கோடு போட்டாள். முதல் கோடு அக்காவின் மோவாய்க்கு நேராக இருந்தது. வாரம் ஒரு கோடு, சில வாரம் அதே கோடு. ஒருநாள் அவரே கூப்பிட்டார்: "மேடம், இன்னைக்கு என் சேலையை நானே கொடியில போட்டேன்."

சிகிச்சை நடந்த சென்னைக்குப் போய்வர ஒரு நாள் முழுக்க ஆகிறது. கூட வருபவரின் கூலியும் போகிறது. பரிசோதனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகலாம், வாராவாரம் பயிற்சிக்குப் போக முடியுமா? அதனால்தான் போன்.

வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினால் போதும் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். யாரும் செய்யவில்லை. போன் மகனிடம் இருக்கிறது, மகன் ஓசூரில் வேலை முடித்து இரவு எட்டு மணிக்குத்தான் வருகிறான். சரி, எட்டு மணிக்கே பேசுவோம் என்று மாற்றினோம். வீடியோ வராத ஊர்களில் சாதாரண அழைப்பே போதும். எழுந்து உட்காரும்போது ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்வேன். அந்தக் குரலிலேயே மூச்சு வாங்குகிறதா, எட்டாவதில் வலி வந்ததா என்று தெரிந்துவிடும். அடுத்த வாரம் ஒருவர் கேட்பார் என்பதற்காகவே பலர் தினமும் செய்கிறார்கள்.

கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2025-ல் வந்தது. ஒரு பாதிப் பேருக்குக் கையேடு மட்டும். மறுபாதிக்கு மூன்று வருடம் ஒருவர் கூடவே இருந்து வழிநடத்தினார், வர முடியாதபோது தொலைவிலிருந்தே பேசினார். எட்டு வருடம் கழித்துக் கையேடு வாங்கியவர்களில் நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள், கூடவே ஆள் இருந்தவர்களில் 90 பேர். பெரும்பாலும் அவர்கள் செய்தது வேகமான நடைதான்.

"நான்தான் காடு மேடெல்லாம் வேலை செய்றேனே, அப்புறம் எதுக்குப் பயிற்சி?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கீமோ மாதங்களில் படுத்தே கிடந்து தொடைச் சதை கரைந்திருக்கும். களை வெட்டும்போது குனிகிறோமே தவிர, கை தலைக்கு மேல் போவதில்லை. நடையில் ஒரு கணக்கு உண்டு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் அரை மணி நேரம், வாரம் மூன்று நாள். மார்பு அறுவையில் அக்குள் கணுக்களை எடுத்தபின் கை வீங்கிவிடும் என்று பயந்து சொம்பைக்கூடத் தூக்காதவர்கள் இருக்கிறார்கள். வீக்கம் இருந்த பெண்களையே படிப்படியாக எடை தூக்க வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2009-ல் வெளிவந்தது. வீக்கம் கூடவில்லை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கலாம்.

வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குத் தாடை இறுகும். மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் காத்திருக்க வேண்டாம். ஐஸ் குச்சிகளைப் பல்லிடுக்கில் அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டுகிற பயிற்சி இருக்கிறது, கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், திடீர் மூச்சுத் திணறல், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், கை சிவந்து சுடுவது, புதிதாக எலும்பு வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். முதல் தடவை உடம்பை நேரில் பார்க்க அவரைக் கேளுங்கள். அதற்கு முன்னால், பெரிய மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு விஷயம் எழுதி வாங்குங்கள்: எலும்பில் நோய் பரவியிருக்கிறதா, எந்த அசைவைச் செய்யக் கூடாது. அந்தச் சீட்டு கையில் இருந்தால், ஊரில் அன்றைக்கே தொடங்கிவிடலாம்.

நன்றி, வணக்கம்.