ராத்திரியில் பறந்த தபால்

வணக்கம், வெளியே மழை, சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு இந்தப் புத்தகம். எவ்வளவு ஒல்லியாக இருக்கிறது பாருங்கள். பிரெஞ்சில் 'வோல் த நுய்', 1931இல் வந்தது, ராத்திரிப் பயணம் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் நமக்குத் தெரிந்தவர்தான், 'குட்டி இளவரசன்' எழுதின செந்த் எக்சுபெரி. அவரே தபால் விமானம் ஓட்டியவர், அர்ஜென்டினாவில் அந்த வேலைக்குப் பொறுப்பாளராகவும் இருந்தவர்.

கதை நடப்பது ஒரே ராத்திரி. சிலி, பராகுவே, படகோனியா என்று மூன்று பக்கத்திலிருந்தும் தபால் புவெனஸ் ஐரிஸுக்கு வந்து சேர வேண்டும், அப்புறம்தான் ஐரோப்பா விமானம் கிளம்பும். ரேடார் எல்லாம் கிடையாது. ஏன் இருட்டில் பறந்து உயிரை விட வேண்டும் என்றால், பகல் முழுக்க ரயிலையும் கப்பலையும் முந்திவிட்டு ராத்திரி இறங்கிப் படுத்தால், அதுங்கள் தூங்காமல் ஓடி வந்து பிடித்துவிடும், அவ்வளவுதான் கணக்கு.

படகோனியாவிலிருந்து வருகிற விமானி ஃபாபியன் புயலில் மாட்டிக்கொள்கிறான். இன்ஜின் சத்தத்தில் பேச முடியாது, ரேடியோக்காரர் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுகிறார், எந்த ஊரிலும் இறங்க வழியில்லை. அப்போது மேகத்தில் ஒரு ஓட்டை, அதில் நட்சத்திரம் தெரிகிறது. பொறி என்று தெரிந்தேதான் ஏறுகிறான். மேலே போனால் நிலா வெளிச்சம், கீழே மேகம் பால் மாதிரி, அத்தனை அமைதி, ஆனால் பெட்ரோல் அரை மணி நேரத்துக்குத்தான். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் உண்மையில் இது ரிவியேரின் கதை. தரையில் உட்கார்ந்து காத்திருக்கிற மேலதிகாரி. ஃபாபியனின் மனைவி ஆபீசுக்கே வந்து நிற்கிறாள், அவரிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. முடிவைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள்: அந்த விமானம் வரவே இல்லை, ஐரோப்பா விமானத்தை அவர் அனுப்பிவிடுகிறார். நிறையப் பேர் அவரைப் பெரிய தலைவர் என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு முழுசாக ஒட்டவில்லை. ஒரே ஒரு தப்புக்காக, இருபது வருஷம் உழைத்த கிழட்டு மெக்கானிக்கை வேலையை விட்டுத் தூக்குகிறார், அந்தக் கைகளைப் பார்த்து மனசு இளகுகிறது, இருந்தும் தூக்குகிறார். நீங்கள் ரிவியேர் பக்கமாக இருந்தால் கமென்டில் வந்து சண்டை போடுங்கள், நான் மெக்கானிக் பக்கம்.